‘கென்தோ ஷிமாஸ்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நிஷிகசாய்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோக்கியோவில் மென்பொருள் துறையில், இங்கே ‘பிரிட்ஜ் எஸ்.இ.’ என்று அழைக்கப்படும் பணியில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். ஜப்பானியக் குழு சொல்வதை அமெரிக்கப் பொறியாளர்களிடமும், அவர்கள் கேட்பதை ஜப்பானியரிடமும் கொண்டுசேர்ப்பதே என் வேலையின் பெரும்பகுதி. இரு தரப்பிலும் மொழி அறவே தெரியாதவர் என்று யாருமில்லை. ஜப்பானியர் அனைவரும் நடுநிலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலம் படித்தவர்கள். அமெரிக்கரில் இருவர் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலை (ஐந்து நிலைகளில் இரண்டாவது உயர்ந்தது; என்1 அதற்கும் மேல்) தேறியவர்கள். ஆனாலும் சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெளியீட்டுக்கு முந்தைய நாள் கூட்டத்தில் அமெரிக்கர் ஒருவர், “சோதனை இன்னும் முடியவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜப்பானியப் பொறியாளர் “யெஸ்” என்றார். ஆங்கில வழக்கில் அதற்கு ‘முடிந்துவிட்டது’ என்று பொருள்; கேட்டவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சொன்னவரோ, “ஆமாம், நீங்கள் சொல்வது சரி, முடியவில்லை” என்ற பொருளில்தான் சொன்னார். தமிழிலும் “ஆமாம், முடியவில்லை” என்று சொல்வது இயல்பு என்பதால் எனக்கு அது உடனே விளங்கியது. ஆனால் நான் குறுக்கிடுவதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விட்டது; மறுநாள் வெளியீட்டைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இத்தகைய பிழையைத் திருத்துவது எளிது. எனக்கு உண்மையிலேயே விடை தெரியாதது ‘கென்தோ ஷிமாஸ்’ என்ற தொடர். ‘பரிசீலிக்கிறோம்’ என்பது அதன் நேர்ப்பொருள்; ஆனால் பலவேளை அது பணிவான மறுப்பாகவும் இருக்கும். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் அமெரிக்கர் இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு, “பரிசீலித்தீர்களா?” என்று கேட்கிறார்கள், ஜப்பானியருக்குத் தர்மசங்கடமாகிறது. “இயலாது என்கிறார்” என்று சொன்னாலோ, அவர் சொல்லாத ஒன்றை நான் சொன்னவனாகிறேன். எது முறை? ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குவதற்கு முன் இரு குழுவினருக்கும் நான்கு அமர்வுகள் நடத்தும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இருமொழியாள், ஒசாகா:

நண்பருக்கு வணக்கம். வணிகக் கூட்டங்களில் ஜப்பானிய–ஆங்கில மொழிபெயர்ப்பு செய்கிறேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதை ‘இயலாது’ என்று ஒருபோதும் மொழிபெயர்க்காதீர்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று சொல்லிவிட்டுப் போவதை நாம் அறிவோம். அது மறுப்பாகவும் இருக்கலாம். வீட்டுப் பெரியவரைக் கலக்காமல் வாக்குக் கொடுக்க முடியாத உண்மை நிலையாகவும் இருக்கலாம். ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதும் அப்படிப்பட்டதுதான். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் கூட்டத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தனியாக முடிவெடுக்கும் உரிமை கிடையாது. ‘ரிங்கி’ என்ற முறையில் முன்மொழிவு ஒன்று எழுத்தில் மேசை மேசையாகச் சென்று, ஒவ்வொருவரின் முத்திரையையும் பெற்றுத்தான் மேலே போகும். அதற்கும் முன்பாக, தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி இணங்கவைக்க வேண்டும். அதற்கு ‘நெமாவாஷி’ என்று பெயர். மரத்தை வேறிடத்தில் நடுவதற்கு முன் அதன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்டக்கலைச் சொல் அது. ஆகவே, “உள்ளே கொண்டுபோய்ப் பரிசீலிக்கிறோம்” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தமது நடைமுறையை உள்ளபடியே விவரிப்பவராகவும் இருக்கக்கூடும்.

நான் செய்வது இதுதான். சொல்லைச் சொல்லாகவே மொழிபெயர்க்கிறேன். பிறகு ஆங்கிலம் பேசுபவரிடம், “எந்த நாளுக்குள் தெரியும், எங்களிடமிருந்து வேறு என்ன விவரம் வேண்டும் என்று கேளுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். உண்மையாகவே பரிசீலிக்கப் போகிறவர் தேதி சொல்வார், அல்லது ஒரு ஆவணம் கேட்பார். மறுப்பவர் மூச்சை இழுத்துக்கொண்டு, “சொத்தோ முசுகாஷீ தெஸ் நே”, அதாவது “கொஞ்சம் கடினம்தான்” என்பார். அந்தக் ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்கவில்லை என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர், கொஞ்சம்தானே கடினம், சேர்ந்து தீர்த்துவிடலாம் என்று உற்சாகமாகத் தீர்வுகளை அடுக்கத் தொடங்குவார். இந்த இடத்தை அமர்வில் நடித்தே காட்டுங்கள்.

இதற்கும் முன்னால் வைக்க வேண்டியது ‘ஐஸுச்சி’ என்று நினைக்கிறேன். ஒருவர் பேசும்போது கேட்பவர் “ஹை” (ஆம்), “ஊன்” (ம்), “நருஹோதோ” (அப்படியா) என்று இடையிடையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர். இரண்டு கொல்லர்கள் ஒரே இரும்பின்மீது மாறிமாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல் அது. நம்மிடம் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவதுதான். உம் கொட்டுபவர் கதையை ஒப்புக்கொள்கிறார் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர் காதில் ஒவ்வொரு ‘ஹை’யும் ‘சரி, சம்மதம்’ என்றே விழுகிறது. அரை மணி நேரத்தில் முப்பது சம்மதம் பெற்ற மகிழ்ச்சியோடு அவர் எழுந்து போகிறார். மறுபக்கம், அமெரிக்கர் குறுக்கே ஒலி எழுப்பாமல் அமைதியாகக் கேட்பதை மரியாதை என்று கருதுகிறார். தொலைபேசியில் அந்த அமைதியைச் சந்திக்கும் ஜப்பானியர், இணைப்புத் துண்டிக்கப்பட்டதோ என்று “மொஷி மொஷி” (ஹலோ) என்கிறார்.

ஆங்கிலத் துணையாசிரியர், ஷிசுஓகா மாவட்டம்:

இருமொழியாள் அவர்கள் கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பேச்சு முழுவதும் ஜப்பானிய மொழியின் மறைபொருளைப் பற்றியே போவது எனக்கு வருத்தம் தருகிறது. ஜப்பானியர் சுற்றி வளைப்பவர், ஆங்கிலம் பேசுபவர் நேராகப் பேசுபவர் என்ற பாடத்தை இங்குள்ள மாணவர்களே நம்பிவிட்டார்கள். நான் பார்த்தவரையில் அவர்களுடைய ஆங்கிலத்துக்கு அதைவிடக் கேடு செய்தது வேறில்லை.

சான்று சொல்கிறேன். ‘ஹாட் பெட்டர்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘செய்வது நல்லது’ என்ற மென்மையான ஜப்பானியத் தொடரைப் பொருளாகப் படித்துவிட்டு வருகிறார்கள். அதை நம்பிய மாணவர், அமெரிக்க விருந்தினரிடம் “யூ ஹாட் பெட்டர் கோ டு க்யோத்தோ” என்கிறார். கேட்பவருக்கோ, க்யோத்தோ போகாவிட்டால் ஏதோ விபரீதம் நேரும் என்ற மிரட்டலாக ஒலிக்கிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்துவிட்டால் எந்தக் கட்டளையும் பணிவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். “மொச்சிரோன்” (நிச்சயமாக) என்று அன்போடு சொல்லும் இடத்தில் “ஆஃப் கோர்ஸ்” என்கிறார்கள். ‘இதுகூடவா கேட்பது’ என்ற தொனி அதில் ஏறிவிடுவது அவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் வேண்டுகோளை எத்தனை உறைகளில் சுற்றிக் கொடுக்கிறார்கள் என்பதையும், ‘ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்’ என்று அமெரிக்கர் சொல்வது பெரும்பாலும் அழைப்பு அல்ல என்பதையும், பிரிட்டானியர் ‘சுவாரசியமான யோசனை’ என்னும்போது அது கைவிடப்பட்ட யோசனையாக இருக்கக்கூடும் என்பதையும் யாராவது இவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் அவர்களுடைய ‘கென்தோ ஷிமாஸ்’ தானே?

ஜப்பானியர் பேசத் தயங்குவதைக் கூச்சம் என்று சொல்லி முடித்துவிடுவதையும் நான் ஏற்கவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ வகுப்பறை அதைத்தான் கற்பிக்கும். நாடு தழுவிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதியே 2006இல்தான் சேர்ந்தது. பேசும் திறனை அளக்கத் தனியார் தேர்வுகளைப் பயன்படுத்தும் திட்டம் 2019 நவம்பரில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. தொடக்கப் பள்ளி 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானது 2020இல். உங்கள் குழுவில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பு படித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஒலிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரே அசையான ‘ஸ்ட்ரைக்’, பிறமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவில் ‘சு-தொ-ரா-இ-கு’ என்று ஐந்து மாத்திரையாக நீள்கிறது. ‘மன்ஷோன்’ (ஆங்கிலத்தில் ‘மேன்ஷன்’, மாளிகை) என்றால் இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. ‘குரேமு’ (ஆங்கிலத்தில் ‘க்ளெய்ம்’, உரிமை கோருதல்) என்றால் வாடிக்கையாளர் புகார். இவை ஆங்கிலச் சொற்கள் என்று நம்பி அப்படியே திருப்பிப் பேசுகிறார்கள். ரகர லகர வேறுபாடு கேட்காது என்பதும் தலைவிதி இல்லை. பலருடைய குரல்களில் பதிவான சொற்களைக் கேட்டுப் பழகிய ஜப்பானியர் சில வாரங்களிலேயே முன்னேறியதை 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ல, ள, ழ வேறுபாட்டுக்காக அடிவாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பழக்கத்தால் காது திறக்கும் என்பதை மனமார நம்புகிறேன்.

கூட்டத்தில் ஜப்பானியர் மௌனமாக இருப்பது மொழியின் இயல்பு என்றும் சொல்லிவிடாதீர்கள். ‘ஆம்–இல்லை’ கேள்விக்குப் பதில் வர ஆகும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. சராசரியில் மிகக் குறைந்த இடைவெளி ஜப்பானிய மொழியில்தான், ஏறத்தாழ 7 மில்லி விநாடி. ஆங்கிலத்தில் சுமார் 236 மில்லி விநாடி. வீட்டிலும் கடையிலும் இவ்வளவு விரைவாகப் பதில் சொல்பவர்கள்தாம் உங்கள் கூட்ட அறையில் மௌனமாகிறார்கள் என்றால், அங்கே யார் முதலில் பேச வேண்டும் என்ற வரிசையும், பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சமும்தான் காரணம் என்பது என் கருத்து. நிகழ்ச்சி நிரலை முந்தைய நாளே எழுத்தில் கொடுத்துப் பாருங்கள்.

மாலை வகுப்பு, கலிஃபோர்னியா:

ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு ஜப்பானியம் கற்பிப்பவன் என்ற முறையில் மறுகரையைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்கள் ஜப்பானியத்தில் பணிக்குரிய தேர்ச்சி பெற 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. ஸ்பானியத்துக்கு ஆவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 காஞ்சி எழுத்துகள் (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள்) இருப்பதால் மாணவர்களின் கவனமெல்லாம் எழுத்திலேயே போய்விடுகிறது. என்2, என்1 தேறியவர்கள் என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். அந்தத் தேர்வில் பேசும் பகுதியே கிடையாது.

என் மாணவர்கள் தடுக்கி விழுவது சின்னச் சொற்களில். ‘யூ’ என்ற சொல் இல்லாமல் ஆங்கிலத்தில் வாக்கியம் நகராது; எனவே ‘அனதா’ என்ற சொல்லை வாக்கியத்துக்கு ஒன்றாக வைக்கிறார்கள். மேலதிகாரியை ‘அனதா’ என்பது, நம் ஊரில் மாமனாரை ‘நீர்’ என்று அழைப்பதைப் போல நெருடும். அங்கே குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்தோ, ‘புச்சோ’ என்று பதவிப் பெயரைச் சொல்லியோதான் அழைப்பார்கள். பெரும்பாலும் எழுவாயே வராது.

அடுத்தது கொடுத்தல். ஆங்கிலத்துக்கு ‘கிவ்’ ஒன்றே போதும். ஜப்பானியத்தில் என்னிடமிருந்து வெளியே போனால் ‘அகேரு’, என் பக்கம் வந்தால் ‘குரேரு’. நன்றியுணர்வு முழுவதும் அந்த வினையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ‘குரேரு’ சேர்த்து “தெத்சுதாத்தே குரேதா” (எனக்கு உதவித் தந்தார்) என்னாமல் வெறுமனே “உதவினார்” என்று சொன்னால், உதவி பெற்றதை உணராதவர்போல் ஒலிக்கும். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் பிரித்ததைப் படித்த எனக்கு அது எளிதாக விளங்கியது. அமெரிக்க மாணவர்களுக்கு அதை விளக்க எனக்கு ஒரு மாதம் ஆகிறது.

வெளியாரிடம் பேசும்போது சொந்த மேலதிகாரியின் பெயரைச் ‘சான்’ இல்லாமல், தாழ்வு வினையோடு சொல்ல வேண்டும் என்ற விதி மட்டும் நமக்கும் திகைப்பூட்டும். “எங்கள் மேலாளர் இல்லை” என்பதை மரியாதை குறைத்துச் சொல்ல நம் நாவே எழாது. அங்கே பணிவு என்பது வயதையும் பதவியையும் மட்டும் பொறுத்ததன்று; யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் பொறுத்தது.

ஒரு சிறு செய்தி. ஆங்கிலத்தில் மணி கேட்கும் “வாட் டைம் இஸ் இட் நௌ” என்ற தொடரின் ஒலியை நினைவில் வைக்க ஜப்பானியர் “ஹொத்தா இமோ இஜிருனா” என்று சொல்லிப் பழகுவதுண்டு. ‘தோண்டிய கிழங்கை நோண்டாதே’ என்பது அதன் பொருள். “தோ இதாஷிமாஷ்தே” என்ற பதில்நன்றியை நினைவில் வைக்க அமெரிக்கர், அதைப் போலவே ஒலிக்கும் “டோன்ட் டச் மை மஸ்டாஷ்” (‘என் மீசையைத் தொடாதே’) என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லிப் பழகுகிறார்கள். முதல் அமர்வை இந்த இரண்டோடு தொடங்குங்கள். இருவரும் ஒரே மாதிரி திணறியிருக்கிறோம் என்று தெரிந்தபின் அறையில் இறுக்கம் தளர்வதை என் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நிஷிகசாய்வாசி:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. முதல் அமர்வில் கிழங்கும் மீசையும், அடுத்து ஐஸுச்சி, மூன்றாவதில் ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதையும் ஆங்கிலத்தின் ‘சுவாரசியமான யோசனை’யையும் அருகருகே வைத்து இரு குழுவும் ஒன்றையொன்று விளக்கும்படி செய்கிறேன். நிகழ்ச்சி நிரலை முந்தைய நாளே அனுப்பும் வழக்கத்தை இந்த வாரமே தொடங்கிவிட்டேன். எதிர்மறைக் கேள்விகளை மட்டும் எப்படிக் கையாள்வது என்று இன்னும் தெளியவில்லை. அப்படிக் கேட்கவே வேண்டாம் என்று அமெரிக்கரிடம் சொல்வது பொருந்துமா?

இருமொழியாள், ஒசாகா:

சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அவசரத்தில் பழைய பழக்கம்தான் வாய்க்கு வரும். பதில் சொல்பவரிடம், ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்பதோடு நிறுத்தாமல் வினைச்சொல்லையும் சேர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். “யெஸ், முடியவில்லை” என்று ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை. இலக்கணம் பிழையாக இருக்கும், செய்தி பிழைபடாது.