எஸ்ஏஆர் அளவை ஒப்பிடத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். ஜெர்மனியிலிருந்து அண்ணன் அம்மாவுக்கு ஒரு மொபைல் வாங்கி வந்திருக்கிறார். அம்மா போனைக் காதிலேயே வைத்து நெடுநேரம் பேசுபவர், அதனால்தான் எஸ்ஏஆர் (போன் வெளியிடும் ரேடியோ அலை ஆற்றலை உடல் உறிஞ்சும் அளவு) பற்றிக் கவலை. ஐரோப்பாவில் எஸ்ஏஆர் வரம்பு கிலோவுக்கு 2 வாட், 10 கிராம் திசுவின் சராசரி. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் 1.6 வாட், அதுவும் 1 கிராமுக்கே. ஒரே இடத்தில் குவியும் ஆற்றல் 10 கிராமில் பரப்பிக் கணக்கிட்டால் குறைவாகத் தெரியும். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியும் 1 கிராம் முறையில்தான் அளக்கிறது. அங்கே பதிவாகும் சோதனை அறிக்கையைப் படித்துப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? ஐரோப்பிய மாடலில் அலைவரிசைகள் வேறாக இருந்தால் அந்த எண்ணை நம்பலாமா? அதுவரை அம்மாவை இயர்போனில் பேசச் சொல்லியிருக்கிறேன்.