புதுப்பிப்பு: கிளிநொச்சியில் வாசித்துவிட்டோம்

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: சொந்தப் பாட்டுகளை ராக் இசையில் வாசிக்கிறோம், கிளிநொச்சியில் மேடை கிடைக்கவில்லை, கிற்றாரைச் செருகினாலே இரைச்சல், என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இரைச்சல் விசயம் முதலில். அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல்தான். பேஸ் அம்ப் ஒரு சுவரிலும் மிக்சர் மற்றச் சுவரிலும் செருகியிருந்ததால் எர்த் (நிலத்துக்குப் போகிற பாதுகாப்புக் கம்பி) இரண்டு வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்தோம், சத்தம் நின்றுவிட்டது. எர்த் பின்னைக் கழற்றச் சொன்ன தம்பிக்கு: தயவுசெய்து வேண்டாம். ஏதும் பழுதென்றால் 230 வோல்ட் கிற்றார்க் கம்பி வழியே கைக்கு வரும்.

சரி, இடம்? சனசமூக நிலைய மண்டபம். ட்ரம்ஸ் வவுனியாப் பெடியள் தந்தது. சாக்கு சுற்றி, ஏ9 வீதி வழியே லொறியில் வந்தது. அவர்களும் மூன்று பாட்டு வாசித்தார்கள். நாற்பது பேர் வந்திருப்பார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாளைப் பற்றிய எங்கள் பாட்டில், பேஸ் மட்டும் தனியே போகிற இடத்தில், முன்வரிசை அம்மா ஒருவர் கதிரைக் கையில் விரலால் தாளம் போட்டார். அவரைப் பார்த்தபடியேதான் மிச்சத்தை வாசித்தேன்.

ரிக்கற் காசில் முதலில் சவுண்ட்கார அண்ணாவுக்குக் கொடுத்தோம், அப்புறம் லொறிக்கு. எங்களுக்கு மிஞ்சவில்லை, பரவாயில்லை. அடுத்தது வவுனியாவில், அவர்களின் நிகழ்ச்சி. நாங்கள் ரிக்கற் எடுத்துத்தான் போகிறோம். வருகிறவர்கள் சொல்லுங்கள், வாகனத்தில் இடமிருக்கிறது.