'ரன்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது?

மின்மினி:
அகராதி இல்லாமல் ஆங்கிலச் செய்தி படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பெரிய சொற்கள் தொல்லை தருவதில்லை, ஒருமுறை எடுத்துப் பார்த்தால் முடிந்தது. 'ரன்' மாதிரி சின்னச் சொற்கள்தான் படுத்துகின்றன. நேற்று ஒரே பக்கத்தில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார், ஒரு பெண்மணி கம்பெனி நடத்துகிறார், ஒரு மருத்துவமனையில் மருந்து தீர்ந்துபோகிறது, ஒரு நாடகம் இரண்டு வருடமாக நடக்கிறது, நாலுக்கும் 'ரன்'தான்! இதையெல்லாம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா, இல்லை உள்ளே ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:
மனப்பாடம் வேண்டாம், முடியவும் முடியாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்தார், வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. அதற்கு முன், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது.

ஆனால் பயப்படாதீர்கள், நம் 'ஓடு' என்ன குறைச்சலா? கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது, வேலையே ஓடவில்லை என்கிறோம். யாரும் உட்கார்ந்து பாடம் படித்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை. தடையில்லாமல் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது என்ற ஒரே படம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. 'ரன்'னும் அப்படித்தான். 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்பதை நாமே 'அவர்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது' என்போமே.

கரையோரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் கம்பெனி நடத்துவது அதில் அடங்காது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன, ஒன்று தானே ஓடுவது, மற்றது ஓடச் செய்வது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. தமிழில் 'ஓடு', 'ஓட்டு' இரண்டும் இன்றும் தனித்தனியாக இருப்பதால், நமக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. 'ரன்'னுக்குப் பின்னால் 'எதை?' என்று கேளுங்கள். பதில் வந்தால் அநேகமாக அது 'ஓட்டு', கம்பெனியை ஓட்டுகிறார், கணினியில் நிரலை ஓட்டுகிறார். பதில் வராவிட்டால் 'ஓடு'.

இப்படிப் பிரிந்தே நிற்கும் ஜோடிகளும் ஆங்கிலத்தில் உண்டு: 'சிட்' உட்கார்வது, 'செட்' உட்கார வைப்பது, 'ஃபால்' விழுவது, 'ஃபெல்' மரத்தை வெட்டி விழ வைப்பது. அந்த 430 பொருள் 'செட்'டும் இப்படி வந்ததுதான்.

மின்மினி:
'எதை' என்ற கேள்வி எனக்கு நன்றாகவே பிடித்துவிட்டது. அப்படியானால் தேர்தல்? மருந்து தீர்ந்தது?

கரையோரம்:
தேர்தலை ஓட்டப்பந்தயமாகப் பார்ப்பது அமெரிக்க வழக்கம். பிரிட்டனில் நம்மைப் போலவே 'ஸ்டாண்ட்', அதாவது நிற்பார்கள். தீர்ந்துபோவதை, பாத்திரத்திலிருந்து நீர் ஓடி வடிந்து காலியாவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான் எனக்கு மனதில் நின்றது. அதில் 'ரன் அவுட் ஆஃப்' என்று 'ஆஃப்' சேரும். கிரிக்கெட் ரன் அவுட் வேறு.

ஏட்டுச்சுவடி:
இங்கே மட்டும் கொஞ்சம் உழைக்க வேண்டும். பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் மொத்தத்தையும் ஒரே சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பிரித்துப் பார்த்தால் உதவாது. 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, மோதுவதும் அதுவே. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிடுவது, அப்புறம் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போவதும்தான். முழு வாக்கியமாக எழுதி வையுங்கள், தனிச் சொல்லாக எழுதிய பட்டியல் எனக்கு ஒருநாளும் பயன்பட்டதில்லை.

மின்மினி:
சரி, ஒன்றை நானே முயன்று பார்க்கிறேன். துணி துவைக்கும் குறிப்பில் 'த கலர்ஸ் மே ரன்' என்று இருந்தது. 'எதை' என்று கேட்டால் பதில் இல்லை, அதனால் 'ஓடு'. நீர் மாதிரி நிறம் ஓடுகிறது. சாயம் போகும் என்று அர்த்தமா?

ஏட்டுச்சுவடி:
அதேதான். தனியாகத் துவையுங்கள்.