அகலம் சிறிது என்றால் தலையீட்டை விட்டுவிடலாமா?

பரமேஸ்வராச்சந்தி:
யாழ். பல்கலைக்கழகத்தில் பௌதிகம், இறுதி வருடம். என் செயற்றிட்டத்தில் ஹிக்ஸ் போன்ற இரண்டு பாரமான துணிக்கைகள் வருகின்றன. திணிவுகள் 500, 502 ஜீஈவி (துணிக்கைத் திணிவின் அலகு). இரண்டுக்கும் அகலம் (திணிவு எவ்வளவு பரவி நிற்கிறது என்ற அளவு) 3 ஜீஈவி. இரண்டும் டௌ (இலத்திரனைப் போன்ற, பாரமான துணிக்கை) சோடியாகச் சிதைகின்றன. ஒவ்வொன்றின் உற்பத்தி வீதத்தையும் சிதைவுப் பங்கால் பெருக்கிக் கூட்டினேன். சேர் "தலையீடு எங்கே?" என்று கேட்கிறார், அதாவது இரண்டும் அலைகள்போல ஒன்றையொன்று கூட்டுவதோ குறைப்பதோ. அகலம் திணிவில் 1 சதவீதம்கூட இல்லையே, தேவையா?

சுன்னாகத்தான்:
தேவையில்லை தம்பி. நீங்கள் செய்தது, உற்பத்தியையும் சிதைவையும் பிரித்துப் பெருக்குவது, குறுகிய அகல அண்ணளவு. அதன் பிழை அகலத்தைத் திணிவால் வகுத்த அளவில்தான் வரும். உங்களுக்கு 0.6 சதவீதம். உற்பத்தியையும் சிதைவையும் பிரித்து வைத்தால் மற்றவர்கள் கணித்த உயர்வரிசைத் திருத்தங்களை (முதல் கணிப்புக்கு மேலான நுணுக்கங்களை) அப்படியே எடுத்துப் போடலாம். ஹிக்ஸைப் பாருங்கள்: திணிவு 125 ஜீஈவி, அகலம் சுமார் 4 எம்ஈவிதான் (1000 எம்ஈவி ஒரு ஜீஈவி). அங்கே யார் பயப்படுகிறார்கள்?

கோண்டாவில் ரீச்சர்:
அந்த 0.6 சதவீதம் துணிக்கை தனியே நிற்கும்போது வரும் கணக்கு. இங்கே நிற்பது இரண்டு. வீச்சங்களை (வர்க்கித்தால் நிகழ்தகவு தரும் எண்களை) கூட்டிய பிறகுதான் வர்க்கிக்க வேண்டும். தம்பி தனித்தனியே வர்க்கித்துவிட்டார், நடுவில் வரும் குறுக்குறுப்பு, அதாவது இரண்டு வீச்சங்களின் பெருக்கம், காணாமல் போய்விட்டது. தலையீடு அதுதான்.

அதைத் தொகையிட்டுப் பாருங்கள். இணைப்புகள் (துணிக்கைகள் தாக்கம் புரியும் வலிமைகள்) சமமான மெய்யெண்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திணிவு வித்தியாசத்தை அகலத்தால் வகுத்து, வர்க்கித்து, 1 கூட்டித் தலைகீழாக்கினால், தனித்தனிக் கூட்டுத்தொகையில் குறுக்குறுப்பு எவ்வளவு என்று வரும். 2க்கு 3 என்றால் விடை 9/13. அதாவது 69 சதவீதம்! குறிகள் ஒத்தால் அவ்வளவு கூடும், எதிரானால் அவ்வளவு குறையும். 500 என்ற எண் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது பரிசோதனையில் கண்டதும்கூட. இலத்திரன், பொசித்திரன் மோதி இரண்டு பையோன் வரும் வளைகோட்டில் 782 எம்ஈவிக்கு அருகே செங்குத்தான சரிவு ஒன்று உண்டு. ஒமேகா என்ற துணிக்கை இரண்டு பையோனாகச் சிதைவது ஏறக்குறைய 1.5 சதவீதம் மட்டுமே. தனியே என்றால் கண்ணில் படாது. ரோ என்ற இன்னொரு துணிக்கையுடன் தலையிடுவதால்தான் அந்தச் சரிவு.

சுன்னாகத்தான்:
ரோவின் அகலம் 150 எம்ஈவி அளவு ரீச்சர், அதைக் குறுகியது என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, சிபி (துணிக்கையை எதிர்த்துணிக்கையாக்கி, இடம் வலம் மாற்றும் சமச்சீர்) கணக்கில் இரண்டில் ஒன்று சிபி இரட்டை, மற்றது ஒற்றை, சிபி மீறலும் இல்லை என்றால் மொத்த வீதத்தில் குறுக்குறுப்பே இராது. முழுக் கணக்கை உயர்வரிசையில் செய்யச் சொன்னால் ஒரு மாணவரின் வருடம் அதிலேயே போய்விடும்.

பரமேஸ்வராச்சந்தி:
இரண்டும் சிபி இரட்டைதான் அண்ணை.

கோண்டாவில் ரீச்சர்:
அப்படியானால் குறுக்குறுப்பு இருக்கிறது. முழுக் கணக்கை நான் கேட்கவில்லை. 2014 இல் ஃபுக்ஸ், தெவெஸ், வைக்லைன் என்ற பௌதிகவியலாளர்கள் இதே குறுகிய அகல அண்ணளவைப் பொதுமைப்படுத்தினார்கள். ஒவ்வொரு வீச்சத்தையும் அதனதன் திணிவில் மதிப்பிட்டு, பரப்பிகளின் (துணிக்கை செல்வதைக் குறிக்கும் காரணிகளின்) பெருக்கத்தை மட்டும் தொகையிட வேண்டும். உயர்வரிசைத் திருத்தங்களையும் சேர்க்கலாம்.

சுன்னாகத்தான்:
அதுவும் அண்ணளவுதானே? சக்தி வாசலுக்கு (விளைவுகள் உருவாகத் தேவையான மிகக் குறைந்த சக்திக்கு) அருகே போனால் அதுவும் பிழைக்கும்.

கோண்டாவில் ரீச்சர்:
பிழைக்கும். அங்கே உங்கள் முறையும் பிழைக்கும். நீங்கள் சொன்ன ஹிக்ஸையே எடுங்கள். 2012 இல் காவர், பஸ்ஸரினோ என்ற பௌதிகவியலாளர்கள் காட்டினார்கள்: குளுவோன்கள் மோதி ஹிக்ஸ் வழியாக இரண்டு இசட் துணிக்கைகள் வரும்போது, இரண்டு இசட்டின் திணிவுக்கு மேலே உள்ள வாலிலிருந்து (உச்சத்திலிருந்து விலகிய பகுதியிலிருந்து) மட்டும் பத்துச் சதவீத அளவில் வருகிறது. அகலத்தைத் திணிவால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டியது 0.003 சதவீதம். அந்த வால், ஹிக்ஸ் இல்லாமலே இரண்டு இசட் தரும் பின்னணி வீச்சத்தோடும் எதிர்க்குறியில் தலையிடுகிறது.

பரமேஸ்வராச்சந்தி:
சரி, இரண்டாவது திணிவை 502 இலிருந்து 530 வரை மாற்றி இரண்டு முறையையும் ஒரே வரைபில் போடுகிறேன்.

சுன்னாகத்தான்:
போடுங்கள். புரோத்தன் உள்ளமைப்பின் நிச்சயமின்மைப் பட்டையையும் சேருங்கள். 2 ஜீஈவியில் ரீச்சர் சொல்வது நிற்கும். 530 இல் குறுக்குறுப்பு 1 சதவீதம்தான், அங்கே வெறும் கூட்டலே போதும் என்பதில் மாற்றமில்லை.

கோண்டாவில் ரீச்சர்:
530 இல் சண்டையில்லை. 510 இல் 8 சதவீதம் இருக்கும். அது பட்டைக்குள் விழுந்தாலும் குறி தெரிந்த விலகல், பட்டையோடு சேர்த்து மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் குறுக்குறுப்பைக் கூட்டியே எழுதுங்கள் தம்பி.