சானட்ல திருப்பம் எங்க வருது? கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, எம்.ஏ. இங்கிலீஷ் செமஸ்டர் எக்ஸாம் வருது, சானட்ல (14 வரி கவிதை வடிவம்) ஒரு டவுட்டு. பேசிக் எல்லாம் ஓகே, 14 வரி, இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் ஸ்டைல்னா முதல் 8 வரிக்கு ரைம் ஏபிபிஏ ஏபிபிஏ (ஒரே எழுத்து வர்ற வரிகளுக்கு ஒரே ரைம்), அப்புறம் 6 வரிக்கு சிடிஇ சிடிஇ இல்லன்னா சிடிசிடிசிடி, 9வது வரில பேச்சு திரும்பும், அதான் வோல்ட்டா. ஷேக்ஸ்பியர்னா நாலு நாலு வரியா மூணு, கடைசில ரெண்டு வரி ஜோடியா வரும். ஸ்பென்சர் அதையே ஏபிஏபி பிசிபிசி சிடிசிடி இஇன்னு சங்கிலி மாதிரி கோத்துட்டாரு.

பிரச்சினை என்னன்னா, ஷேக்ஸ்பியர்ல திருப்பம் கடைசி ரெண்டு வரிலதான்னு கைடுல போட்டிருக்கு. சானட் 130க்கு அது கரெக்ட், கண்ணு சூரியன் மாதிரி இல்ல, முடி கம்பி மாதிரி இருக்குன்னு 12 வரி காதலிய வாரிட்டு 13ல பல்டி அடிக்கிறாரு. ஆனா சானட் 18ல 9வது வரிலயே 'ஆனா உன் கோடை வாடாது'ன்னு திரும்பிடுது! மில்டன் இன்னும் மோசம், பார்வை போனத பத்தின சானட்டு, ரைம் பக்கா பெட்ரார்க், ஆனா 8வது வரி நடுவுலயே 'பொறுமை' வந்து பதில் சொல்ல ஆரம்பிச்சிடுது.

இப்ப எந்த வகைன்னு கேட்டா ரைம வச்சு எழுதணுமா, திருப்பத்த வச்சா? (சானட் 126க்கு 12 வரிதான், அதையும் சானட்டுன்னுதான் சொல்றாங்க, என்ன கணக்கோ.) கவிஞர் ஹாப்கின்ஸோட கர்ட்டல் சானட்டுக்கு (சுருக்கின சானட்) நோட்ஸ் இருந்தாலும் அனுப்புங்க ப்ளீஸ்.