இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்டறியும் சோதனை: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கேட்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பின்னணியில் இரைச்சல் இருக்கும்போது ஒருவருடைய காது பேச்சை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று அளக்கும் சோதனைகள்தான் என் பொருள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் ஆய்வுச் சுருக்கமும், பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் இசைவுப் படிவமும் தமிழில் வேண்டும். 'ஸ்பீச் இன் நாய்ஸ் டெஸ்ட்' என்பதற்கு இதுவரை கைக்குக் கிடைத்தவை: இரைச்சலில் பேச்சுச் சோதனை, ஒலிமாசுப் பேச்சுப் புரிதிறன் தேர்வு, சத்தத்தில் கேட்டல் சோதனை. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. கூடவே 'ஸ்பீச் ரிசப்ஷன் த்ரெஷோல்ட்', 'சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ', 'பேபிள்' (பலர் ஒரே நேரத்தில் பேசும் பின்னணி ஒலி) ஆகியவற்றுக்கும் சொல் தேவை.

* * *

வணக்கம் அம்மா.

ஒலிமாசை முதலில் தள்ளிவிடலாம். அது சுற்றுச்சூழல் கேடு. சோதனை அறையில் நாமே டெசிபெல் கணக்குப் பார்த்துக் கலக்கும் ஒலியை மாசு என்று சொன்னால் பொருந்தாது. சத்தமும் உதவாது, பேச்சே சத்தம்தானே, 'கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்' என்கிறோம். வேண்டாத ஒலி என்ற பொருளில் 'இரைச்சல்' பாடநூல்களில் ஊன்றிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

'இரைச்சலில் பேச்சுச் சோதனை' என்று படித்தால், இரைச்சலுக்குள் உட்காரவைத்து நம்மைப் பேசச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படி ஓர் ஆய்வுத் துறையும் இருக்கிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இதை லொம்பார் விளைவு என்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இல் இதைப் பற்றி எழுதினார். உங்கள் படிவத்தைப் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அளப்பது கேட்டலையா, அறிதலையா, புரிதலையா?

வழக்கமான தூயதொனிச் சோதனையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு தொனியாக ஒலிக்கவிட்டு, எந்த அளவில் அது காதில் விழுகிறது என்று பார்க்கிறோம். விழுந்ததா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இரைச்சல் சோதனையில் ஒரு வாக்கியத்தையோ சில சொற்களையோ ஒலிக்கவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். காதில் விழுந்தால் மட்டும் போதாது, எந்தச் சொல் என்று பிரித்துத் தெரிய வேண்டும். அதே நேரத்தில் அது புரிதலும் அல்ல. 2004இல் நெதர்லாந்தில் ஸ்மிட்ஸ் குழுவினர் தொலைபேசி வழியாகவே செய்துகொள்ளும்படி அமைத்த சோதனையில் மும்மூன்று இலக்கங்கள்தாம் வரும். 'நாலு, எட்டு, ரெண்டு' என்பதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எனவே 'புரிதிறன்' என்று பெயர் வைத்தால் சோதனை தராத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. 'காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை' என்று வருபவரைப் பார்த்திராத கேட்பியலாளர் இருக்க மாட்டார். அந்த ஆளின் தூயதொனிச் சோதனை வரைபடம் சில நேரம் பழுதில்லாமல் இருக்கும். ஆய்வாளர் பிளோம்ப் 1978இல் கேள்திறன் இழப்பை இரண்டு பகுதியாகப் பிரித்தார். ஒன்று தணிவு: ஒலி குறைந்து வருகிறது, கூட்டிக் கொடுத்தால் சரியாகும். மற்றது திரிபு: கூட்டிக் கொடுத்தாலும் தெளியாது, இரைச்சல் வந்ததும் காட்டிக்கொடுக்கும். காதொலிக் கருவி முதலாவதை நன்றாகவே ஈடுகட்டுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது. பிறகு 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டது: பெருஞ்சத்தத்துக்குப் பின் கேட்பு அளவுகள் பழையபடி மீண்டுவிட்டன, ஆனால் உட்காதில் ஒலியை உணரும் உள்மயிர்ச் செல்லுக்கும் செவிநரம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகள் பல நிரந்தரமாகப் போய்விட்டன. மனிதர்களின் முறையீட்டுக்கு இதுதான் காரணமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், விழுதலையும் அறிதலையும் ஒரே சொல்லால் மூடினால் உங்கள் ஆய்வின் காரணமே மறைந்துவிடும்.

என் பரிந்துரை: இரைச்சலிடைப் பேச்சறிதல். சோதனைக்கு 'இரைச்சலிடைப் பேச்சறி சோதனை'. இலக்கங்களை வைத்துச் செய்வது 'இரைச்சலிடை இலக்கமறி சோதனை'.

'சிக்னல்' என்பதற்குச் 'சைகை' என்று இயற்பியல் நூல்களில் பார்த்திருப்பீர்கள். உங்கள் துறையில் மட்டும் அதைத் தொடவே தொடாதீர்கள். காது கேளாதோர் நடுவே சைகை என்றால் சைகை மொழிதான். 'சைகை-இரைச்சல் விகிதம்' என்று படித்தால் தலை சுற்றும். இங்கே குறிகையாக (சிக்னலாக) வருவது பேச்சு மட்டுமே என்பதால் 'பேச்சு-இரைச்சல் விகிதம்' போதும். டெசிபெல்லில் அது கழித்தலாகிவிடும்: பேச்சு 65, இரைச்சல் 70 என்றால் விகிதம் −5. 'குவிக்சின்' என்னும் இரைச்சலிடைச் சோதனையில் வரும் 'எஸ்என்ஆர் லாஸ்' ('சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ' இழப்பு) வேறு கதை. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரைச்சலை இழந்துவிட்ட மாதிரி ஆகும், யாரும் மகிழ்ச்சியடைவார்கள்! இயல்பாகக் கேட்பவருக்குப் பாதிச் சொற்கள் தெரிய விகிதம் ஏறத்தாழ +2 இருந்தால் போதும். அதற்கு மேல் ஒருவருக்கு எத்தனை டெசிபெல் கூடுதலாகத் தேவையோ அதுதான் அந்த அளவு. 'கூடுதல் விகிதத் தேவை' என்று வைத்துப் பார்க்கலாம்.

'த்ரெஷோல்ட்' என்பதற்கு வாசல், வரம்பு, பயன்தொடக்கம் எல்லாம் உலவுகின்றன. எதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாம் தேடுவது பாதிச் சொற்கள் சரியாக வரும் புள்ளி. அதற்குக் கீழேயும் சில சொற்கள் கிடைக்கும், மேலேயும் சில தவறும். நன்றாக அமைத்த வாக்கியச் சோதனையில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு டெசிபெல் மாறினாலே 10 முதல் 20 சதவீதச் சொற்கள் கூடும் அல்லது குறையும். தாண்டியதும் உள்ளே போய்விட அது வாசல் இல்லை, சரிவு. ஆகவே 'பேச்சறி மட்டம்' என்று சொல்லி, 50 சதவீதம் என்பதை வரையறையில் எழுதிவிடுங்கள்.

* * *

ஐயா, அறிதலுக்கும் புரிதலுக்கும் இவ்வளவு கறாராகக் கோடு கிழிக்க முடியுமா? 1977இல் வந்த 'ஸ்பின்' என்னும் இரைச்சலிடைச் சோதனையில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பாதி வாக்கியங்களில் முன்னால் வரும் சொற்களே கடைசிச் சொல்லை ஊகிக்கவைக்கும், மீதியில் வைக்காது. முதல் வகையில் மதிப்பெண் ஏறுகிறதே, அது புரிதலால்தானே?

'பேபிள்' பற்றி: கம்பலை இருக்கிறதே! தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கையும் அரவம், அதாவது ஓசை என்ற பொருளில் சேர்த்துச் சொல்கிறது. பலர் ஒரே நேரத்தில் பேசும் ஆரவாரத்துக்குக் கம்பலையைவிடப் பொருத்தமான சொல் ஏது?

* * *

கேள்வி நியாயமானது. புரிதல் துணைக்கு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையை அமைத்தவர்கள் இரண்டு வகை வாக்கியங்களைத் தனித்தனியே எண்ணியது எதற்கு? காது கொடுத்தது எவ்வளவு, சூழல் நிரப்பியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தானே. பெயர் அறிதலாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். புரிதல் என்று முதலிலேயே ஒட்டிவிட்டால் கேட்கவே வழியில்லை.

கம்பலை எனக்கும் பிடித்திருக்கிறது, ஆய்வேட்டில் தாராளமாகப் போடலாம். படிவத்தில் வேண்டாம், அங்கே 'பல்குரல் இரைச்சல்' என்றாலே விளங்கும். எதைப் போட்டாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே சீராக ஓடும் இரைச்சலும் பல்குரலும் ஒன்றல்ல. ஒருவர் மட்டும் குறுக்கே பேசினால் அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் நமக்கு வேண்டிய பேச்சு எட்டிப் பார்க்கும். நல்ல காது அந்தச் சந்துகளைப் பிடித்துக்கொள்ளும், பழுதுபட்ட காதுக்கு அந்த ஆதாயம் குறைவு. குரல்கள் கூடக்கூடச் சந்துகள் அடைபட்டுவிடும். அதனால் எத்தனை குரல் என்று எண்ணோடு எழுதுங்கள்: 'நான்குகுரல் கம்பலை' என்பது போல.

* * *

இருவருக்கும் நன்றி. இரைச்சலிடைப் பேச்சறி சோதனை, பேச்சறி மட்டம், பேச்சு-இரைச்சல் விகிதம், கம்பலை நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். படிவத்தில் கலைச்சொல்லே இல்லாமல் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பின்னணியில் பலர் பேசும் இரைச்சல் ஒலிக்கும். அதற்கு நடுவே ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தாலும் ஊகித்துச் சொல்லலாம்.'

இன்னும் இரண்டு. இலக்கங்களை ஒன்று, இரண்டு என்று பதிவு செய்வதா, ஒண்ணு, ரெண்டு என்றா? அப்புறம், ஹேகர்மன் 1982இல் சுவீடிய மொழியில் செய்த மாதிரி ஐந்து பத்தியில் பத்துப் பத்துச் சொல் வைத்து, மாற்றி மாற்றிக் கோத்து 1,00,000 வாக்கியம் உண்டாக்கும் முறைக்கு என்ன பெயர்? கணிதத்தில் 'மேட்ரிக்ஸ்' அணிதான், ஆனால் 'அணி வாக்கியம்' என்றால் உவமை உருவகம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

* * *

'கட்ட வாக்கியம்' என்று வையுங்கள். கட்டம் போட்டுத்தானே சொற்களை அடுக்குகிறீர்கள்.

இலக்கங்களைப் பேச்சு வழக்கிலேயே பதிவு செய்யுங்கள். பேசுவதைக் கேட்கத்தானே சோதனை. அசைக் கணக்கிலும் (யாப்பு அசை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை) ஆதாயம் உண்டு: எழுத்து வழக்கில் இரண்டு, ஒன்பது இரண்டும் மூன்றசை, மற்றவை ஈரசை. பேச்சில் ரெண்டு ஈரசையாகிவிடும், ஒன்பது மட்டும் நீளமாக நிற்கும். ஆங்கிலத்தில் இதே தொல்லைக்காகச் சில சோதனைகளில் ஈரசையான 'செவன்' என்ற இலக்கத்தை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒன்பதை விட்டுவிடலாம்.

கட்ட வாக்கியத்தில் தமிழுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. 'கண்ணன் மூன்று பெரிய பெட்டி வாங்கினான்', 'வள்ளி மூன்று பெரிய பெட்டி வாங்கினாள்' என்று வைத்தால் பெயரைப் பிடித்தவருக்கு வினையின் கடைசி அசை இலவசம். பேச்சு வழக்கில் 'வாங்கினான்' என்பதன் ஈற்று னகரமும் மூக்கொலியாகக் கரைந்துவிடும், அது இரைச்சலில் நிற்காது. பத்துப் பெயரையும் ஒரே பாலாக வைத்தால் ஊகத்துக்கு வேலையிருக்காது. இல்லையென்றால் எல்லாருக்கும் 'வாங்கினார்' போட்டு, மதிப்பெண்ணை வினையின் பகுதிக்கு ('வாங்கு' என்பதற்கு) மட்டும் கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஆண் பெயரும் பெண் பெயரும் கலந்து வைத்துக்கொள்ளலாம்.