எக்ஸ்ஆர்எஃப் கன் (மண்ணில் உள்ள உலோகங்களை எக்ஸ்-கதிரால் அளக்கும் கைக்கருவி) உங்களை ஏமாற்றியது உண்டா?

சேற்றுக்கால்:
பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்குப் பின்னால் மண் அளக்கப் போயிருந்தோம். கன்னைத் தரையில் வைத்து 60 விநாடி. ஈயம் 3,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3,400 பங்கு), எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியில் ஆர்சனிக் 210. வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரம்மா, "அது விஷம்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தன் முருங்கை மரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்து ஐசிபியில் (இன்னும் துல்லியமான ஆய்வகக் கருவி) பார்த்தால் ஆர்சனிக் வெறும் 9. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்-கதிர் வீசும், கன் அதை வைத்துத்தான் அடையாளம் காணும். ஈயத்தின் எல்-ஆல்ஃபா கதிர் 10.55 கேஇவி (ஆற்றல் அலகு), ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54. கன்னுக்கு இரண்டும் ஒரே மேடு. சொல்லலாம் என்று மறுபடி போனேன். மரம் இல்லை.

ஏரிக்கரை:
எனக்கு ஈரம். ஏரி வண்டலைப் பையோடு அளந்து துத்தநாகம் 140 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காயவைத்து அளந்தால் 260. பாதிக்குப் பாதி தண்ணீரை அளந்திருக்கிறேன்! அந்த 140 அறிக்கையில் அப்படியே அச்சாகிவிட்டது.

பழைய கை:
சேற்றுக்கால், மரத்துக்கா வருத்தம்? 3,400 ஈயம் உள்ள மண்ணில் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. என் கதை சின்னது: ராணிப்பேட்டை பக்கம் குரோமியம் அளந்தபோது ஒரு பெரியவர், "இது தோல் பதனிடுற மூணா, குரோமேட் ஆறா?" என்று கேட்டார். மூணு சாதுவான வகை, ஆறு கொடிய நச்சு. கன்னுக்கு மொத்தக் குரோமியம்தான் தெரியும். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அப்புறம் ஒன்று, மண்ணைக் காயவைத்து, அரைத்து, சலித்து, மெல்லிய படலம் கட்டிய கப்பில் அளந்து பாருங்கள். ஈயம் ஆர்சனிக்கைப்போல் 10 மடங்குக்கு மேல் இருந்தால் கன் சொல்லும் ஆர்சனிக்கை நம்பவே வேண்டாம். கன் ஈயத்தின் இன்னொரு கதிரான எல்-பீட்டாவை (12.61) வைத்து ஈயத்தின் பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்கிறது. கழித்தலில் துளி பிசகினாலும் மிச்சமெல்லாம் ஆர்சனிக் ஆகிவிடும். நிஸ்ட் (அமெரிக்கத் தர அளவை நிறுவனம்) அளவு சான்றளித்து விற்கும் 2711ஏ மொன்டானா மண்ணை வாங்கி வையுங்கள்: ஈயம் 1,400, ஆர்சனிக் 107. களத்துக்குப் போகுமுன் அதை ஒரு தடவை...

சேற்றுக்கால்:
ஈயத்தைப் பற்றி அன்றைக்கே சொன்னேன், அண்ணா. அந்தம்மா காதில் விழுந்தது ஆர்சனிக் மட்டும்தான்.